‘கையோடு கொண்டுபோகலாம்’ என்ற வாய்ச்சொல்லை நம்பினேன், இரண்டு பேட்மின்டன் மட்டைகள் உடைந்தன

பிள்ளையைப் போட்டிக்கு விமானத்தில் அழைத்துப்போகும் பெற்றோர் இதைப் படித்த பிறகு டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். எனக்கு நேர்ந்த நஷ்டம் திரும்பி வரப்போவதில்லை. மட்டைப் பையைக் கையோடு கொண்டுபோகத் தனி அனுமதி உண்டு என்று என்னிடம் சொன்ன பயண முகவர் இன்னொரு குடும்பத்திடமும் அதே பொய்யைச் சொல்லிக் காசு வாங்குவதையாவது தடுக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. எட்டு வயதிலிருந்து பேட்மின்டன் ஆடுகிறாள். குவாஹாத்தியில் ஒரு தரவரிசைப் போட்டி. கோவையிலிருந்து ரயிலில் போனால் இரண்டு நாளுக்கு மேல் ஆகும், பள்ளிக்கூடம் அத்தனை நாள் விடுப்பு தராது. ஆகவே கடன் வாங்கித்தான் விமான டிக்கெட் எடுத்தேன். எடுத்துக் கொடுத்தவர் எங்கள் பயிற்சிக்கூடத்துப் பெற்றோர் பலருக்கும் வாடிக்கையான பயண முகவர். மட்டைப் பையைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும், சரக்கில் போட மாட்டேன் என்று முதலிலேயே அவரிடம் சொன்னேன்.

“அதற்குத் தனி அனுமதி இருக்கிறது அண்ணா. ஒரு வழிக்கு 900 ரூபாய். கட்டிவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்” என்றார். போகவர 1,800 ரூபாய் கொடுத்தேன்.

அப்படி ஓர் அனுமதியே கிடையாது. விளையாட்டுப் பொருட்களுக்கென்று சில விமான நிறுவனங்கள் கட்டணம் வாங்குவது உண்மைதான். ஆனால் அது நீளமான, பருமனான பொருளைச் சரக்கில் ஏற்றிக் கையாளுவதற்கான கட்டணம். கேபினுக்குள், அதாவது பயணிகள் உட்காரும் பகுதிக்குள், கொண்டுபோவதற்கு அதனால் எந்த உரிமையும் வராது. இதை நான் தெரிந்துகொண்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

கோவையில் எந்தச் சிக்கலும் இல்லை. கவுன்ட்டரில் இரண்டு விமானங்களுக்கும் சேர்த்தே போர்டிங் பாஸ் கொடுத்தார்கள், மகளின் தோளில் தொங்கிய பையை யாரும் பார்க்கவில்லை. பாதுகாப்புச் சோதனையிலும் ஸ்கேனர் வழியாக நல்லபடியாக வந்துவிட்டது. முகவர் சொன்னது சரிதான் என்று நம்பினேன். சென்னையில் விமானம் மாறும் இடத்தில்தான் நிறுத்தினார்கள். “சார், இந்தப் பை உள்ளே போகாது. அளவு அதிகம். சரக்கில்தான் போட வேண்டும்.” அனுமதிக் கட்டணம் கட்டியிருக்கிறேன் என்றேன். அந்த ஊழியர் கணினியில் பார்த்துவிட்டு, எங்கள் பெயரில் அப்படி எந்தக் கட்டணமும் பதிவாகவில்லை என்றார். பின்னால் ஐம்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். கதவை மூடப்போகிறோம் என்கிறார்கள். பையில் ஒரு சீட்டைக் கட்டி, இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்று நீட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலேயே போட்டேன்.

அந்தச் சீட்டுக்குப் பெயர் ‘லிமிடெட் ரிலீஸ் டேக்’. எளிதில் உடையக்கூடிய பொருள், சரியாகப் பொதியப்படாத பொருள் என்று அவர்கள் கருதுவதை ஏற்றும்போது கட்டுவது. சேதமானால் நிறுவனம் பொறுப்பேற்காது என்று நாமே எழுதிக் கொடுப்பதாக அதற்குப் பொருள்.

இரவு எட்டரைக்குக் குவாஹாத்தியில் பை வந்தது. வெளியில் ஒரு கீறல் கூட இல்லை. கார்க்காரர் அழைத்துக்கொண்டே இருந்ததால் திறந்து பார்க்காமல் விடுதிக்குப் போய்விட்டோம். அங்கே மகள்தான் ஜிப்பைத் திறந்தாள். “அப்பா” என்று மட்டும் சொன்னாள். ஒரு மட்டையின் தலைப்பகுதியில் கார்பன் ஃபிரேம் விரிந்து பிளந்திருந்தது. இன்னொன்றில் நரம்பு அறுந்து, ஃபிரேம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கோணியிருந்தது. 26 பவுண்டு இழுவையில் கட்டிய நரம்பு ஓரிடத்தில் அறுந்தால் மற்ற நரம்புகளை உடனே வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் சமமில்லாத இழுவையே ஃபிரேமை வளைத்துவிடும். பைக்குள் அறுந்ததை யார் வெட்டுவது? இறகுப்பந்துக் குழல்கள் இரண்டும் நசுங்கிப்போயிருந்தன. ஒரு பந்தில் பதினாறு இறகுகள், அதில் ஒன்று ஒடிந்தாலும் பந்து நேராகப் பறக்காது.

மிஞ்சியது ஒரே ஒரு மட்டை. ஒற்றை மட்டையோடு யாரும் ஆட்டத்துக்குப் போகமாட்டார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் தன்னுடைய மட்டை ஒன்றை இரவல் கொடுத்தாள், அவள் நன்றாக இருக்க வேண்டும். பயந்தபடியே இரண்டாவது கேமில் எங்கள் மட்டையின் நரம்பு அறுந்தது. இரவல் மட்டையின் பிடி தடிமன், தலை கனம். மூன்றாவது கேமை 19-21 என்று தோற்றாள். மட்டையைக் குறை சொல்லி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

மறுநாள் விமான நிலையத்துக்குத் திரும்பிப் போய் நிறுவனத்தின் அலுவலகத்தில் கேட்டேன். “நேற்று வெளியே போகுமுன் புகார் கொடுத்தீர்களா? சீட்டில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே?” இரண்டே கேள்விகள். ஊர் திரும்பி ஒன்பதாம் நாள் மின்னஞ்சல் அனுப்பினேன். பதிலிலும் அதே இரண்டு கேள்விகள், கேள்விக்குறி மட்டும் இல்லை.

நான் புரிந்துகொள்ளத் தவறியது இதுதான். பாதுகாப்புச் சோதனை வேறு, விமான நிறுவனத்தின் அளவுக் கட்டுப்பாடு வேறு. ஆயுதமாகவோ வேறு வகையில் ஆபத்தாகவோ ஆகக்கூடியதா என்பதைத்தான் பாதுகாப்புப் படையினர் பார்க்கிறார்கள். சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகத்தின் தடைப் பட்டியலில் கிரிக்கெட் மட்டை, ஹாக்கி மட்டை, பேஸ்பால் மட்டை, கோல்ஃப் மட்டை, பில்லியர்ட்ஸ் கோல், வில் அம்பு எல்லாம் இருக்கின்றன. இவற்றைக் கேபினுக்குள் கொண்டுபோகவே முடியாது, எத்தனை சிறியதானாலும் சரி. வெளிநாட்டு அனுபவத்தை இங்கே நம்பவும் கூடாது. பிரிட்டனில் ஸ்னூக்கர் கோலைக் கையோடு கொண்டுபோக விடுகிறார்கள், இங்கே அது தடைப் பட்டியலில் இருக்கிறது.

பேட்மின்டன் மட்டை அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் கோவையில் சோதனையைத் தாண்டியது. ஆனால் உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்கு வழக்கமான அளவு 7 கிலோ எடை, 55 செ.மீ. நீளம், 35 அகலம், 25 தடிமன். எங்கள் பை நாலேகால் கிலோதான். எடையை மட்டும் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டேன். பேட்மின்டன் விதிப்படி மட்டை 68 செ.மீ. வரை இருக்கலாம், கடையில் கிடைப்பவை பெரும்பாலும் அதை ஒட்டியே இருக்கும். டென்னிஸ் மட்டையும் அப்படித்தான். எந்தப் பையில் வைத்தாலும் 55 செ.மீ.க்குள் அடங்காது. கண்டும் காணாமல் ஊழியர்கள் விடுவதால்தான் இத்தனை பேர் கொண்டுபோகிறார்கள். விமானம் நிரம்பிய நாளில் விடமாட்டார்கள். மேசைப்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்கள் மட்டை சின்னப் பெட்டியில் அடங்கிவிடும்.

இப்போது பெரிய கடினப் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். 28 அங்குலப் பெட்டியில் மட்டைகளைக் குறுக்காக வைத்தால் பொருந்துகிறது. மேலும் கீழும் உடைகளை அடுக்கிச் சரக்கிலேயே கொடுத்துவிடுகிறேன். ஷூவும் ஒரு செட் உடையும் கையோடு வருகின்றன. பெட்டியை ஒப்படைக்கும் முன் மட்டைகளையும், கட்டிய சீட்டையும் படமெடுக்கிறேன். கையெழுத்துக் கேட்டால் படித்துவிட்டுத்தான் போடுவேன், வரிசை காத்திருக்கட்டும். இறங்கியதும் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே திறந்து பார்ப்பேன். சேதம் இருந்தால் வெளியே வருமுன் நிறுவனத்தின் கவுன்ட்டரில், பெட்டிக்கு நேர்ந்த சேதத்தைப் பதியும் பி.ஐ.ஆர். என்ற அறிக்கையை எழுதி வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் பின்னால் என்ன பேசினாலும் எடுபடாது. வெளிநாட்டுப் பயணமென்றால் 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. சேதத்தைக் கண்டதும், தாமதித்தாலும் பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள், எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

முகவரிடம் 1,800 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். “கோவையில் விட்டார்கள் அல்லவா? அதுதான் அனுமதி” என்றார். ரசீதை எடுத்துப் பார்த்தால் ‘சேவைக் கட்டணம்’ என்று மட்டும் இருக்கிறது, மட்டை என்றோ கேபின் என்றோ ஒரு சொல் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். பிளந்த மட்டை, கோணிய மட்டை இரண்டையும் சான்றாக அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

சென்ற ஞாயிறு பயிற்சிக்கூடத்தில் இதைச் சொன்னபோது இரண்டு பெற்றோர் தங்கள் ரசீதைத் தேடி எடுத்துவந்தார்கள். ஒருவர் 1,200 ரூபாய் கொடுத்திருக்கிறார், இன்னொருவர் 2,000. இரண்டிலும் அதே ‘சேவைக் கட்டணம்’. மட்டை அனுமதி என்று சொல்லி உங்களிடமும் யாராவது பணம் வாங்கியிருந்தால் அந்த ரசீதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.