பிடித்துக்கொண்ட பிரேக் காலிப்பர்: 2022-இல் செய்த வேலை இன்று எப்படி இருக்கிறது

எங்கள் வீட்டில் இருப்பது 2008 மாடல் சின்ன பெட்ரோல் கார். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், ஏபிஎஸ் கிடையாது. அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். சென்னை திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் திறந்த வெளியில்தான் நிற்கும். 2021 மழைக்காலம் முடியும்போது இதன் முன் இடது பிரேக் பிடித்துக்கொண்டு விடவில்லை. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டை, பேட் எனும் உராய்வுக் கட்டைகளால் இருபுறமும் கவ்வும் பாகம்தான் காலிப்பர். 2022 தொடக்கத்தில் அதை முழுவதும் பிரித்துச் சரிசெய்தோம். அதன் பிறகு அது எப்படி உழைத்திருக்கிறது என்பதைப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். "காலிப்பர் போச்சு, மாத்திடலாம்" என்று யாராவது சொன்னால், உண்மையில் எது பிடிக்கிறது என்று பார்த்த பிறகு காசை எடுங்கள். நான் சொல்ல வருவது அதுதான்.

முதலில் மைலேஜ் குறைந்தது. அதை வைத்து மட்டும் யாரும் பிரேக்கைச் சந்தேகிக்க மாட்டார்கள். அப்புறம் நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. சிக்னலில் நின்றால் கருகின வாசனை வந்தது. வீடு வந்ததும் நான்கு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால் ஒன்றில் மட்டும் அனல் அடித்தது. தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் போய்விடும். சூட்டோடு தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம், டிஸ்க் கோணிவிடலாம். ஜாக்கி போட்டுக் கையால் சுற்றினால் சந்தேகம் தீர்ந்துவிடும். டிஸ்க் பிரேக்கில் பேட் லேசாக உரசுவது சாதாரணம். ஆனால் இரண்டு கையாலும் தள்ளித்தான் சக்கரம் அசைகிறது என்றால் பிரேக் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சின்ன கார்களில் பெரும்பாலும் ஒரே ஒரு பிஸ்டன் உள்ள மிதக்கும் காலிப்பர்தான் இருக்கும். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளுகிறது, உள்பக்கப் பேட் டிஸ்கில் அழுந்துகிறது. அந்த அழுத்தத்தின் எதிர்விசையில் காலிப்பர் உடம்பே இரண்டு பின்கள் (வழவழப்பான உலோகத் தண்டுகள்) மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பக்கப் பேடையும் இழுத்து அழுத்துகிறது. சரி, காலை எடுத்ததும் பிஸ்டனை யார் பின்னுக்கு இழுப்பது? டிரம்மில் இருப்பதுபோல ஸ்பிரிங் எதுவும் இங்கே இல்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல்தான் அந்த வேலையைச் செய்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது சீல் அதோடு சேர்ந்து வளையும். அழுத்தம் விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னால் இழுத்துக்கொள்ளும். அந்த மயிரிழைதான் மொத்த இடைவெளியே. பின்னில் கொஞ்சம் துரு, பிஸ்டனில் கொஞ்சம் அழுக்கு, ஆயில் திரும்பும் வழியில் கொஞ்சம் அடைப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று போதும், பிரேக் விடாது.

காலிப்பர் பின், பிஸ்டன், ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸ் மூன்றையும் சந்தேகப்பட வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். வயதானால் உள்சுவர் உப்பியோ உரிந்தோ வழியை அடைக்கும். மிதிக்கும்போது இருக்கும் பெரிய அழுத்தம் ஆயிலை உள்ளே தள்ளிவிடும், திரும்பி வரத்தான் அதற்கு வலு இருக்காது. புதுக் காலிப்பரே மாட்டினாலும் இந்த ஹோஸ் இருக்கும்வரை பிரேக் பிடித்தபடியேதான் இருக்கும்.

எங்களுக்கு வேலை செய்து கொடுத்த மெக்கானிக் அண்ணன் எதையும் கழற்றுவதற்கு முன்னால் இதைத்தான் சோதித்தார். சக்கரம் இறுகியிருக்கும்போதே ஸ்டீல் பைப்பும் ஹோஸும் சேரும் இடத்தைக் கொஞ்சம் தளர்த்தினார். சக்கரம் அசையவில்லை. அப்போதே சக்கரம் இளகியிருந்தால் குற்றம் மேலே, பெடல் மிதியில் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் என்று அர்த்தம். அதை இறுக்கிவிட்டு காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகான நிப்பிளைத் திறந்தார். ஆயில் சட்டென்று பீய்ச்சியது, சக்கரம் முன்னைவிட இளகியது.

"பாத்தீங்களா தம்பி, பிரஷர் இந்த ஹோஸ்லதான் மாட்டிக்கிட்டு இருந்துது. ஆனா இன்னும் முழுசா ஃப்ரீ ஆகல. காலிப்பர் பின்னும் பிடிச்சிருக்கு."

"அப்போ காலிப்பரை மாத்தணுமாண்ணே?"

"பிஸ்டனைப் பாத்துட்டுச் சொல்றேன். அது நல்லா இருந்தா சீல் கிட்டு போதும்."

கழற்றியதும் உள்பக்கப் பேட் வெளிப்பக்கத்தைவிட மிகவும் தேய்ந்திருந்தது தெரிந்தது. பின் நகராவிட்டால் இப்படித்தான் ஆகும், பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டுமே எல்லா வேலையையும் செய்யும். கீழ்ப் பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், கிழிந்திருந்தது. கடற்காற்றும் மழைத் தண்ணீரும் அந்த வழியாகப் போய்ப் பின்னில் துரு ஏறியிருந்தது.

பிஸ்டனை வெளியே எடுக்க அவர் கம்ப்ரசரைத் தொடவில்லை. ஹோஸைக் கழற்றும் முன்பே, பேட் இருந்த இடத்தில் மரக்கட்டை வைத்துப் பெடலையே மெதுவாக மிதிக்கச் சொல்லிப் பிஸ்டனை வெளியே கொண்டுவந்தார். எனக்கு இது மிகவும் பிடித்தது. காற்று அடித்தால் பிஸ்டன் குண்டு மாதிரி பாயும், விரல் நசுங்கிவிடும். பிஸ்டனில் சீல் ஓடும் பகுதியில் குரோம் பளபளவென்று இருந்தது, ஓரத்தில் மட்டும் கறை. அந்தப் பகுதியில் குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில் பலன் இல்லை, பிஸ்டனையே மாற்ற வேண்டும்.

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். பழைய சீலை எடுத்ததும் அது உட்கார்ந்திருந்த பள்ளத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். சீலுக்குப் பின்னால் துருவும் கட்டிதட்டிய அழுக்கும் இருந்தால் புது சீலை அது பிஸ்டன்மேல் நெருக்கும். கிட் போட்ட சில மாதத்திலேயே மறுபடி பிடிக்கிறது என்று சொல்பவர்கள் வண்டியில் பெரும்பாலும் இந்தப் பள்ளம்தான் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். பல கடைகளில் எல்லாவற்றையும் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ முக்கிக் கழுவுவார்கள். பிரேக் சீல் ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். பிரேக் கிளீனர் ஸ்பிரே போதும். சீலைப் போடும்போது புது பிரேக் ஆயிலைத் தடவித்தான் போட வேண்டும். பின்னுக்கு சிலிக்கோன் பிரேக் கிரீஸ். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸும் ரப்பரை உப்பவைத்துவிடும், அப்புறம் சுத்தம் செய்த பின்னே மறுபடி இறுகிக்கொள்ளும்.

இரண்டு பக்க ஹோஸையும் செம்பு வாஷரோடு சேர்த்து மாற்றினோம். பேட் இரண்டு பக்கமும் புதிது. சீலும் ரப்பர் உறைகளும் அடங்கிய கிட் சில நூறு ரூபாய்தான், முழு காலிப்பருக்குச் சில ஆயிரம் ஆகும். பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய காலிப்பர் மலிவாகக் கிடைக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். கதவு, கண்ணாடி, விளக்கு எல்லாம் அங்கே தாராளமாக வாங்கலாம். பிரேக்குக்கு மட்டும் நான் வாங்க மாட்டேன். அதன் சீலுக்கும் நம் வண்டி வயதுதான், எத்தனை மழையில் நின்றது என்பது யாருக்கும் தெரியாது.

பிரேக் ஆயில் டிக்காஷன் நிறத்தில் வந்தது. இது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4-க்கு முறையே 230, 155. பிடித்துக்கொண்ட பிரேக் சக்கரத்தைச் சுடவைக்கும், ஈரமான ஆயில் சீக்கிரம் கொதிக்கும், உள்ளே ஆவி உண்டாகிப் பெடல் தரைவரை இறங்கிவிடும். மைலேஜ் குறைவதைவிட எனக்குப் பயம் தருவது இதுதான். உள்ளே துரு பிடிக்கவும் அதே ஈரம்தான் வழி. மொத்த ஆயிலையும் மாற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தோம், அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றினோம். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். பெயின்ட்மேல் ஆயில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

அதன் பிறகு வண்டி நேராக ஓடியது, மைலேஜ் திரும்பி வந்தது. நீண்ட நாள் கணக்கில் எனக்குப் பயன் தந்தது ஒவ்வொரு ஜனவரியும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், இரண்டு பக்கப் பின்களையும் உருவித் துடைத்துப் புதுக் கிரீஸ் வைக்கும் பழக்கம். காலிப்பரைப் பிரிக்காமல், பிரேக் லைனைத் திறக்காமல் செய்யும் சின்ன வேலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் சக்கரத்தின் பாதிவரை நின்றது. அடுத்த மாதம் திறந்து பார்த்தால் இடப்பக்கம், அதாவது ரப்பர் உறையெல்லாம் புதிதாகப் போட்ட பக்கம், கிரீஸ் வைத்தது வைத்தபடி இருந்தது. வலப்பக்கத்துப் பழைய ரப்பர் உறைக்குள் கிரீஸ் பால் நிறமாகியிருந்தது. பிஸ்டனும் உள்ளே தள்ளக் கடினமாக இருந்தது. அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ளும் வரை காத்திருக்காமல் அப்போதே அதற்கும் கிட் போட்டோம், ஆயிலையும் மாற்றினோம். வலப்பக்கத்துக்கும் 2022-லேயே கிட் போட்டிருக்கலாமே என்று கேட்டால், ஆமாம், இரண்டையும் சேர்த்துச் செய்வதே நல்லது என்று இப்போது சொல்வேன்.

குறை ஒன்று உண்டு. ஈரமான காலையில் முதல் சில பிரேக்குக்குக் கீச்சென்று சத்தம் வரும், கொஞ்ச தூரம் ஓடினால் நின்றுவிடும். டிஸ்கில் படிந்த மேல்துருதான், பேட்டில் குறை எதுவும் இல்லை.

நீங்களே செய்யப் போவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள், பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பின்னுக்குக் கிரீஸ் வைப்பது வரைக்கும் யாரும் பழகிக்கொள்ளலாம். சீல், ஹோஸ், ஏர் எடுப்பது எல்லாம் முதல்முறை தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான் செய்ய வேண்டும். ஓடும்போதே பிரேக் பிடித்துக்கொண்டால் ஓரமாக நிறுத்திச் சூடு தணியவிடுங்கள். வீடு பக்கம்தானே என்று இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

இப்போது 2025 கடைசி. சக்கரம் கையால் லேசாகச் சுற்றுகிறது, இரண்டு பக்கப் பேட்டும் சமமாகத் தேய்கின்றன. ஆயில் மாற்றி இரண்டு ஆண்டு ஆகப்போகிறது, ஜனவரியில் மறுபடி மாற்ற வேண்டும். டிஸ்கின் தடிமன் அதன் ஓரத்தில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவை நெருங்கிவிட்டது. அடுத்த பேட் மாற்றும்போது இரண்டு டிஸ்கையும் சேர்த்து மாற்றிவிடுவதாக இருக்கிறேன்.