ஏசி லைனுக்கு எந்த எம்சிபி: பி16, சி16, சி20, இல்லை 32?

எங்கள் வீட்டுப் பழைய ஒன்றரை டன் ஏசி போன சித்திரையில் வாரத்துக்கு நாலு தடவை எம்சிபியை (கரண்ட் மீறினால் தானாக விழுந்து லைனை அணைக்கும் சுவிட்ச்) விழவைத்தது, அதுவும் கம்ப்ரசர் கிளம்பும் அந்த நொடியில். வந்த எலக்ட்ரீஷியன், "பதினாறு தாங்காது சார், 32 போட்டுடலாம், தொல்லை விட்டுது" என்றார். தொல்லை விடும்தான், வயர் உருகும்வரை.

உள்ளே ஓடுவது 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர். சுவர் பைப்புக்குள் அது சங்கடமில்லாமல் தாங்குவது 20 ஆம்பியர் சுற்றுவட்டாரம். எம்சிபியோ எழுதியிருக்கும் அளவைத் தாண்டியதும் சட்டென்று விழாது, அதைப்போல 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும், விதி அவ்வளவுதான். 16-க்கு அது 23, 20-க்கு 29, 32-க்கு 46 ஆம்பியர். 46 ஆம்பியரில் ஒரு மணி நேரம் அந்த வயர் சுவருக்குள் வெந்துகொண்டிருக்கும், எம்சிபி வேடிக்கை பார்க்கும். 32 போட ஆசை என்றால் முதலில் 6 ஸ்கொயர் வயர் இழுங்கள்.

சரி, ஓடும்போது 8 ஆம்பியர் மட்டுமே எடுக்கும் ஏசிக்கு 16 ஏன் விழுந்தது? எம்சிபி முகத்தைப் பார்த்தால் போதும், 'பி16' என்று இருந்தது. இன்வெர்ட்டர் வகை (வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) அல்லாத கம்ப்ரசர் கிளம்பும்போது கண நேரம் ஐந்தாறு மடங்கு இழுக்கும், அதாவது 40, 48. பி வகை 3 முதல் 5 மடங்குக்குள் உடனே விழும், 16-க்கு அது 48-இலேயே ஆரம்பம். சி வகைக்கு 5 முதல் 10 மடங்கு, அதனால் 80 வரை அசையாது. மாற்ற வேண்டியது ஆம்பியரை இல்லை, எழுத்தை.

சி20? ஏசி ப்ளக் இல்லாமல் நேராக ஐசொலேட்டர் சுவிட்சில் மாட்டியிருந்து வயரும் நல்லதாக இருந்தால் தப்பில்லை. எங்களுடையது 16 ஆம்பியர் ப்ளக். ப்ளக் பாயிண்ட்டே 16 எனும்போது அதற்கு மேல் போவானேன்.

வாட்டர் ஹீட்டருக்கு இந்தத் தலைவலியே இல்லை. 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர், 3000 வாட் என்றால் 13, கிளம்பும் இழுப்பு கிடையாது, பி16 தாராளம். அதுவும் விழுகிறதென்றால் மெயினை அணைத்துவிட்டு எம்சிபி ஸ்குரூ பக்கம் வயர் தோல் பழுத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். லூசான இணைப்பின் சூடே அதை விழவைக்கும். ஷாக்குக்கு இவை எதுவும் காவல் இல்லை, அதற்கு கரண்ட் கசிந்தால் அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தனி.

சி16 போட்டாயிற்று, ஐப்பசியும் வந்துவிட்டது, இன்னும் ஒருமுறைகூட விழவில்லை. 32-ஐ அந்த எலக்ட்ரீஷியனே பையில் போட்டுக்கொண்டு போனார், கொஞ்சம் மனத்தாங்கலோடு.