பிரித்துப் பொட்டலம் கட்டிய டெவலப்பர் தூளை வாங்காதீர்கள்

கருப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவக் கற்றுக்கொள்பவர்களுக்கென்று இணையத்தில் விற்கப்படும் தொடக்கநிலைத் தொகுப்பு ஒன்றை நம்பி வாங்கியதால், மறுபடி எடுக்கவே முடியாத குடும்பப் படங்கள் அடங்கிய ஒரு சுருளை இழந்துவிட்டேன். இதே முறையில் விற்பவர்கள் வேறு பலரும் இருக்கக்கூடும் என்பதால், விற்றவரின் பெயரை விடுத்து, பொருளில் எதைக் கண்டால் விலகிவிட வேண்டும் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

டேங்க் (ஃபிலிமைக் கழுவும் மூடிய கலம்), ரீல் (அதற்குள் ஃபிலிமைச் சுற்றி வைக்கும் சட்டம்), சேஞ்சிங் பேக் (ஃபிலிமை ரீலில் ஏற்ற உதவும் ஒளி புகாத பை) ஆகியவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை முழுவதும் மருந்தில்தான். டெவலப்பர், அதாவது ஃபிலிமில் பதிந்த காட்சியைத் தெரிய வைக்கும் மருந்து, என்று வந்தது, மேலே டி-76 என்று பரவலாகப் பயன்படும் ஒரு டெவலப்பரின் பெயரைப் பேனாவால் எழுதி, வாயைச் சூடு காட்டி ஒட்டிய மெல்லிய பாலிதீன் பொட்டலம். தயாரிப்பாளரின் பெயரும் இல்லை, தயாரித்த நாளும் இல்லை. டெவலப்பரில் சேரும் மெட்டால் என்ற வேதிப்பொருள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் கையுறை அணியச் சொல்லும் எச்சரிக்கைகூட அதில் இல்லை. வெளிர் நிறத்தில் இருக்க வேண்டிய தூளில் பழுப்புக் கட்டிகள் கிடந்தன. ஏறக்குறைய நிறமற்றிருக்க வேண்டிய கரைசல் கடுந்தேநீர் நிறத்துக்கு வந்தது. உடனே படம் எடுத்து அனுப்பிக் கேட்டபோது, அது இயல்புதான், தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று விற்றவர் உறுதி கூறினார்.

உண்மையில் அந்தப் பழுப்பு நிறம், காற்றும் ஈரமும் பட்டு மருந்து கெட்டுவிட்டதன் அடையாளம். பெரிய பொட்டலத்தைப் பிரித்துச் சிறிதாக்குவதில் இன்னொரு கேடும் இருக்கிறது. வெளியிடப்பட்ட சூத்திரத்தின்படி ஒரு லிட்டர் டி-76 கரைசலில் மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம். வெவ்வேறு பருமனுள்ள தூள்கள் பையில் ஒரே சீராகக் கலந்திருப்பதில்லை என்பதால், கரண்டியால் அள்ளிப் பங்கு போடும்போது ஒரு பங்கில் மெட்டால் மிகக் குறைந்து போகலாம். பொட்டலத்தை முழுதாக ஒரே தடவையில் கரைக்கும்படி சொல்லப்படுவது இதனால்தான்.

கழுவி முடித்த ஃபிலிமில் படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய நிழல்கள் மட்டுமே தெரிந்தன. முறையிட்டபோது, கேமராவில் போதிய வெளிச்சம் விழவில்லை என்று பழியை என் மேல் திருப்பினார். இந்த மழுப்பலை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. நான் பயன்படுத்திய எச்பி5 போன்ற கருப்பு வெள்ளை ஃபிலிம்களின் ஓரத்தில், துளைகளுக்கு அருகே தெரியும் பெயரும் கட்ட எண்களும் தொழிற்சாலையிலேயே ஒளி காட்டிப் பதிக்கப்படுபவை. அவற்றுக்கும் நம் கேமராவுக்கும் தொடர்பே இல்லை. கேமராவில் கோளாறு என்றால் படம் வெளிறியிருந்தாலும் ஓர எழுத்துகள் கருமையாகத் தெரியும். டெவலப்பருக்கு முன்னால் ஃபிக்ஸரை (டெவலப்பருக்குப் பின் ஊற்றி, மீந்த வெள்ளி உப்பை நீக்கும் மருந்தை) ஊற்றியிருந்தால் எழுத்துகள் அடியோடு மறைந்திருக்கும். என் நெகட்டிவில் அவை இருந்தன, ஆனால் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடிகிற அளவுக்கு மங்கியிருந்தன. நேரமும் குறையவில்லை: டி-76க்கு மிக நெருங்கிய ஐடி-11 மருந்தில், நீர் சேர்க்காமல், 20 டிகிரி செல்சியஸில் எச்பி5க்கு ஏழரை நிமிடம் போதும், நானோ அதே வெப்பநிலையில், அவருடைய தாளில் இருந்தபடி 10 நிமிடம் வைத்தேன். அந்தத் தாளில் எல்லா ஃபிலிமுக்கும் அந்த ஒரே நேரம்தான், வெப்பநிலையைப் பற்றியோ நீர் சேர்க்கும் விகிதத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அப்படிப்பட்ட தாளைக் கண்டாலே விற்பவரின் அக்கறை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம்.

மீதமிருந்த கரைசலில் ஒளி பட்ட லீடர் (சுருளின் தொடக்கத்தில் கேசட்டுக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதி) துண்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். நெடுநேரம் கழித்தும் சாம்பல் நிறத்தைத் தாண்டவில்லை. சீல் பிரிக்காத பெட்டியிலிருந்து கரைத்த ஐடி-11இல் அதே ஃபிலிமின் இன்னொரு துண்டு சில நிமிடங்களிலேயே கன்னங்கரேலென்று ஆனது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். பிரித்த பொருளுக்குப் பணம் திரும்பாது என்பதோடு அவர் பேச்சை முடித்துக்கொண்டார்.

பணம் போனதைவிடப் படங்கள் போனதே எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. டெவலப்பர் தொடாமல் விட்ட வெள்ளி உப்பை ஃபிக்ஸர் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. அதன் பின் எவ்வளவு நல்ல மருந்தில் மறுபடி கழுவினாலும், பதிந்திருந்த காட்சி திரும்பாது. ஆகவே இத்தகைய பொட்டலத்தை ஏற்கனவே வாங்கி வைத்திருப்பவர்கள், சுருளை ரீலில் ஏற்றுமுன் லீடரில் ஒரு துண்டை வெட்டி, வெளிச்சத்திலேயே கரைசலில் போட்டுப் பாருங்கள். அது நன்றாகக் கறுக்காவிட்டால் சுருளைக் கேசட்டுக்குள்ளேயே பத்திரமாக விட்டுவிட்டு, பொட்டலத்தையும் அந்தத் துண்டையும் படமெடுத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பணத்தைக் கேளுங்கள்.