கார் ஷெட் தரைக்கு எப்பாக்ஸி: கிரைண்டரை விடுங்கள், முதலில் வேக்குவத்தைப் பாருங்கள்

முதல் தடவை ஆசிட் ஊற்றித்தான் தரையைத் தயார் செய்தேன். புஸ்ஸென்று நுரை பொங்கியதைப் பார்த்து வேலை நடக்கிறது என்று நம்பிவிட்டேன். கழுவி, காயவிட்டு, எப்பாக்ஸி என்கிற பிசின் பூச்சை அடித்ததும் பத்து மாதம் கண்ணாடி மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு நாள் நல்ல வெயிலில் ரொம்ப தூரம் ஓட்டிவிட்டு வந்து, டயர் சூடு ஆறுவதற்குள் உள்ளே நிறுத்தி, மறுநாள் காலையில் எடுத்தால் சர்ரென்று ஒரு சத்தம். முன்சக்கரம் நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எப்பாக்ஸி டயரோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்க மாவு மாதிரி வெளுத்த சிமென்ட். அதாவது எப்பாக்ஸி பிடிப்பை விடவில்லை, அது பிடித்திருந்த மேல்பொருக்கே கான்கிரீட்டை விட்டுக் கிளம்பிவிட்டது.

கான்கிரீட் போடும்போது தண்ணீரோடு மேலே ஏறிவந்து படியும் சன்னமான சிமென்ட் படலம்தான் அந்தப் பொருக்கு. ஆசிட் அதை அரிக்கும், ஆனால் ஒரே சீராக அரிக்காது. எண்ணெய்க் கறை இருக்கிற இடத்தில் ஒன்றுமே செய்யாது. போதாக்குறைக்கு, சரியாகக் கழுவாவிட்டால் உப்பு தங்கிவிடும், தரையும் தண்ணீரைக் குடித்துவிட்டு நாள்கணக்கில் காயாமல் கிடக்கும். இனி ஆசிட் பக்கமே போகமாட்டேன்.

இரண்டாவது தடவை கையிலிருந்த 5 அங்குல ஆங்கிள் கிரைண்டருக்கு கான்கிரீட்டை அரைக்கிற, கிண்ண வடிவில் இருக்கும் இரட்டை வரிசை டைமண்ட் கப் வீல் வாங்கிப் போட்டேன். பழைய எப்பாக்ஸி மேல் அதை வைத்ததும் சூட்டில் பிசின் இளகி வீலில் அப்பிக்கொண்டது. பழைய பூச்சை எடுக்க பிசிடி (செயற்கை டைமண்ட் கட்டி) பல் வைத்த வீல்தான் சரி. அது தேய்க்காது, சுரண்டித் தள்ளும். அது முடிந்து வெறும் கான்கிரீட்டுக்கு மறுபடி டைமண்ட் வீலைப் போட்டால், கொஞ்ச நேரத்தில் அது அறுப்பதை நிறுத்திவிட்டு வழவழவென்று ஓட ஆரம்பித்தது. வீல் தேய்ந்துபோச்சு என்று தூக்கிப் போடப் போனேன். தேயவில்லை, டைமண்ட் துகள்களைச் சுற்றியிருக்கும் உலோகம் மூடிக்கொண்டுவிட்டது. சொரசொரப்பான சிமென்ட் கல் ஒன்றின் மேல் அரை நிமிடம் ஓட்டினால் மறுபடி திறந்துகொள்ளும். டைமண்டைப் பிடித்திருக்கும் அந்த உலோகத்துக்கு பாண்ட் என்று பெயர். கெட்டியான கான்கிரீட்டுக்கு மிருதுவான பாண்ட் உள்ள வீல், மிருதுவான கான்கிரீட்டுக்குக் கெட்டி பாண்ட். கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் அதுதான் சரி.

இரண்டு கார் நிற்கிற தரையை ஆங்கிள் கிரைண்டரால் மட்டும் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் முட்டி போட்டுத் தரையில் வேலை செய்தவர் இல்லை. மெஷினைக் கொஞ்சம் சாய்த்தாலே பிறை வடிவில் பள்ளம் விழும், எப்பாக்ஸி அடித்தபிறகும் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். நான் பாதியில் கைவிட்டு, நின்றபடி தள்ளும் ஃப்ளோர் கிரைண்டரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். சின்ன மெஷின் ஓரங்களுக்கு மட்டும்.

சரி, வேக்குவம், அதாவது தூசி உறிஞ்சும் மெஷின். வீட்டில் இருந்ததை மாட்டியதும் ஐந்தே நிமிடத்தில் ஃபில்டர் அடைத்து, ஷெட் முழுக்கப் புகைமண்டலம். இந்தத் தூசியில் இருப்பது சிலிக்கா, நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது, அதனால் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் கட்டாயம். ஆனால் நான் சொல்லவருவது உடம்பைப் பற்றி மட்டும் இல்லை. தூசி மூடியிருந்தால் எங்கே அரைத்தோம், எங்கே விட்டோம் என்றே தெரியாது. கான்கிரீட்டின் நுண்துளைகளில் அது போய் அடைந்துகொண்டால் எப்பாக்ஸி ஒட்டுவது தூசியில்தான். நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரும் ஃபில்டரைத் தானே தட்டிக்கொள்ளும் வசதியும் உள்ள வேக்குவம், நடுவில் தூசியைச் சுழற்றிப் பிரித்து அடியில் தள்ளும் ஒரு சைக்ளோன் வாளி, கிரைண்டருக்குத் தூசி மூடி. கிரைண்டருக்குக் கொடுத்ததைவிட இதற்கு அதிகம் கொடுத்தேன், வருத்தமே இல்லை.

எவ்வளவு அரைக்கணும்? கான்கிரீட் சொரசொரப்பை 1 முதல் 10 வரை பிரித்து சிஎஸ்பி (கான்கிரீட் சர்ஃபேஸ் ப்ரொஃபைல்) என்று ஒரு அளவு இருக்கிறது, எண் ஏற ஏற சொரசொரப்பு அதிகம். வீட்டு எப்பாக்ஸிக்கு 2 அல்லது 3 போதும். கையால் தடவினால் 80ஆம் நம்பர் உப்புத்தாள் மாதிரி இருக்கணும். பளபளப்பாக்குகிறேன் என்று சன்னமான வீல் போட்டால் பிடிப்பு போய்விடும். சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், முத்தாக நின்றால் இன்னும் எண்ணெயோ பழைய பூச்சோ இருக்கிறது. மாஸ்கிங் டேப்பை அழுத்தி உரித்து, ஒட்டும் பக்கம் வெளுத்திருந்தால் மறுபடி வேக்குவம். ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விட்டு, அடியில் ஈரமோ கறுப்போ தெரிந்தால் அன்றைக்கு எப்பாக்ஸி டப்பாவைத் திறக்காதீர்கள்.

இப்போது நாலு வருடம் ஆகிறது. டயர் நிற்கும் இடம் நான்கும் அப்படியே இருக்கின்றன. கதவுக்குப் பின்னால் ஒரு மூலை மட்டும் பொரிந்து வந்துவிட்டது. அன்றைக்கு இருட்டிவிட்டது, வாடகை மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் அவசரம் வேறு, அந்த ஒரு முழ இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஒப்பேற்றியிருந்தேன். இரண்டு பழைய டயரை அடுக்கி மறைத்து வைத்திருக்கிறேன்.