பெங்களூரில் 'ராட்வீலர் மிக்ஸ்', 'லேப் மிக்ஸ்' என்று சொல்லி நாய் தத்துக் கொடுப்பவர்கள்: கவனம்

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவோடு வரும் 'லேப் மிக்ஸ்', 'ஹஸ்கி மிக்ஸ்' தத்து விளம்பரங்களைப் பார்த்து யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். எனக்குப் போனது 21,500 ரூபாய். பணம் போனதைக்கூட விடலாம். அந்தப் பொய்யால் ஒரு நாயின் வயிற்றைத் தேவையே இல்லாமல் கிழிக்கப் பார்த்தோம். அதனால்தான் எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் ஆள் பேர், இடம் எதுவும் போடவில்லை.

2024 ஆரம்பத்தில் நடந்தது. ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட ஷெல்டர். நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்ட தமிழைக் கேட்டதும் நடத்துபவர் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணா, எந்த ஊரு நீங்க? நான் ஓசூர்தான்." பெங்களூரில் இருக்கும் தமிழர்களுக்கு இந்த ஒரு வரி என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவர் காட்டிய நாய் கருப்பு. கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு, காலும் பழுப்பு. "அம்மா ராட்வீலர், அப்பா டாபர்மேன். எட்டு மாசம்தான் ஆகுது, முப்பத்தஞ்சு கிலோ வரைக்கும் வளரும் அண்ணா." ஒரு காதின் நுனியில் வெட்டு இருந்தது. கேட்டால், "கூண்டுல இன்னொன்னு கடிச்சிருச்சு."

தத்துக்குக் காசு வாங்குவதில்லையாம். ஆனால் 'பங்களிப்பு' 9,500. இனம் என்ன என்று சர்டிஃபிகேட் தர டிஎன்ஏ டெஸ்ட் 6,000. கருத்தடை ஆபரேஷனுக்கு அட்வான்ஸ் 6,000, "நம்ம டாக்டரே பண்ணிடுவார்." எல்லாம் யுபிஐ, எல்லாம் தனிநபர் கணக்கு. ரசீது கேட்டதற்கு ஒரு கட்டைவிரல் எமோஜி வந்தது.

டிஎன்ஏ டெஸ்டுக்கு அவர் சாம்பிள் எடுத்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கத்தரிக்கோலை எடுத்து முதுகில் ஒரு கொத்து மயிரை வெட்டி ஜிப் கவரில் போட்டுக்கொண்டார். முறையான டெஸ்டுக்கு நாயின் கன்னத்தின் உட்புறத்தில் குச்சிப் பஞ்சை நன்றாகத் தேய்த்து எடுப்பார்கள், இல்லையென்றால் ரத்தம். வேர் இல்லாமல் வெட்டிய மயிரைப் பொதுவாக ஏற்பதில்லை. கொஞ்ச நாளில் வழவழவென்று ஒரு பிடிஎஃப் வந்தது: ராட்வீலர் 45 சதவீதம், டாபர்மேன் 35, லேப்ரடார் 20. டெஸ்ட் எடுத்த கூடத்தின் பேர் இல்லை, சாம்பிள் எண் இல்லை, கையெழுத்து இல்லை. ராட்வீலர் படம் மட்டும் பெரிதாக இருந்தது.

பையன் மிளகு என்று பேர் வைத்தான். பிடிஎஃபை அபார்ட்மெண்ட் ரெஜிஸ்டருக்காக அசோசியேஷனில் கொடுத்தோம். வினை அங்கே ஆரம்பித்தது.

மார்ச் மாதம் மத்திய அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது. பிட்புல், ராட்வீலர் உட்பட 23 நாய் இனங்களுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் லைசென்ஸ் தரக் கூடாது, ஏற்கெனவே வீட்டில் வளர்ப்பவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்று மாநிலங்களுக்கு எழுதியிருந்தார்கள். டிவியில் வந்த அன்று சாயங்காலமே செக்ரெட்டரி கதவைத் தட்டினார். "சார், கிராஸும் லிஸ்ட்ல இருக்கு. ஆபரேஷன் ஆனதுக்கு லெட்டர் கொடுங்க, இல்லேன்னா நாயை வேற எங்கயாவது விட்டுடுங்க." லிஃப்டில் மிளகைப் பார்த்ததும் குழந்தையைத் தூக்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதுவரை அவளுக்கு பிஸ்கட் போட்டவர்கள்தான்.

ஏப்ரல் 10-ஆம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. சம்பந்தப்பட்ட யாரையும் கலந்து பேசாமல் போட்டது என்பதும் ஒரு காரணம். நாங்கள் தீர்ப்பு வரும் வரை காத்திருக்கவில்லை. ஷெல்டர்காரரின் 'நம்ம டாக்டர்' தேதி தள்ளிக்கொண்டே போக, எங்கள் பக்கத்து கிளினிக்கில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தோம். முந்தின இரவே சாப்பாடு நிறுத்தி, காலையில் கொண்டுபோய் டேபிளில் ஏற்றியாகிவிட்டது.

டாக்டர் முதலில் தொட்டது காதை. "சார், இது யாரு வெட்டினது?" கூண்டில் கடி என்றேன். விளக்கை அருகில் இழுத்துக் காட்டினார். கடித்த காது நார் நாராகக் கிழிந்து ஆறியிருக்கும். இது கண்டக்டர் டிக்கெட்டில் போட்ட வெட்டு மாதிரி, நேராக, சுத்தமாக, V வடிவில் இருந்தது. மாநகராட்சிக் கணக்கில் பிடித்துக் கருத்தடை செய்து திரும்ப விடும் தெரு நாய்க்கு, மயக்கத்தில் இருக்கும்போதே போடும் அடையாளம் அது. திரும்பவும் பிடித்து ஆபரேஷன் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே போடுவது. பிறகு வாயைத் திறந்து காட்டினார். கோரைப்பல்லின் அடியில் மஞ்சள் காரை, முன்பற்களின் முனை தேய்ந்து மழுங்கியிருந்தது. "எட்டு மாசமா? மூணு வயசுக்குக் குறையாது." அடிவயிற்று மயிரை மழித்ததும் நடுக்கோட்டில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் தழும்பு. எதற்கும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

ஏற்கெனவே கருத்தடை ஆன நாய்க்குக் கருத்தடை அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார் அந்த ஆள். காதில் இருக்கும் அந்த வெட்டுக்கு அர்த்தம் தெரியாத ஒரு ஷெல்டர்காரர் இந்த ஊரில் இருக்க முடியாது. தெரிந்துதான் செய்தார்.

"அப்ப ராட்வீலர்?" என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டார். கருப்பு உடம்பு, பழுப்புப் பொட்டு, பழுப்புக் கால் என்பது உலகம் முழுக்க நாய்களுக்கு வரும் ஒரு நிற அமைப்பு. சிவாஜி நகர் மார்க்கெட்டில் நின்றால் பத்து 'ராட்வீலர்' பார்க்கலாம். மிளகு 16 கிலோ. அதற்கு மேல் ஏறவும் இல்லை, ஏறப்போவதும் இல்லை. பெரிய இனத்துக்கான விலை உயர்ந்த தீனியை மூட்டையாக அந்த ஆளிடமே வாங்கியது தனிக் கணக்கு, மேலே சொன்ன தொகையில் சேர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். நாய்க்கு சுமார் 20,000 ஜீன். கண்ணுக்குத் தெரியும் மயிர் நீளம், சுருட்டை, மீசை தாடி, இவற்றைப் பெரும்பாலும் மூன்றே ஜீன்கள் தீர்மானிக்கின்றன என்று 2009-இல் கண்டுபிடித்தார்கள். அந்த வெளித்தோற்றத்தை வைத்துக்கொண்டு அப்பா அம்மாவைச் சொல்வது கிட்டத்தட்ட கிளி ஜோசியம். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் காக்கர் ஸ்பேனியல், பசென்ஜி என்ற இரண்டு நாய் இனங்களைக் கலந்து வளர்த்தார்கள். 1965-இல் வெளியான அந்த ஆராய்ச்சியில் இரண்டாம் தலைமுறைக் குட்டிகள் பலவும் இரண்டு பக்கத்துச் சாயலும் இல்லாமல் ஏதோ மூன்றாவது இனம் போல இருந்தன. ஷெல்டர் ஊழியர்கள் நல்லெண்ணத்தோடு சொன்னாலும் இதே கதைதான். அரிசோனா, சான் டியாகோ ஷெல்டர்களில் 900-க்கும் மேற்பட்ட நாய்களுக்கு டிஎன்ஏ பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். கலப்பில் ஒரு இனத்தையாவது ஊழியர்கள் சரியாகச் சொன்னது மூன்றில் இரண்டு பங்கு நாய்களுக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைச் சரியாகச் சொன்னது பத்து சதவீதம்தான்.

அசல் டிஎன்ஏ டெஸ்டே எடுத்தாலும் நம் தெரு நாய்க்கு ஒரு சிக்கல் இருக்கிறது. கம்பெனி தன்னிடம் இருக்கும் இனங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் சதவீதம் சொல்லும். பட்டியலில் நம் ஊர் நாய் இல்லையென்றால் இருப்பதில் எது கொஞ்சம் நெருக்கமோ அதன் தலையில் கட்டிவிடும். நம் தெரு நாய்கள் வெளிநாட்டு இனங்கள் கலந்து கெட்டுப்போனவை அல்ல. பல ஆயிரம் வருஷமாகத் தனியாக வாழ்ந்து வந்தவை. இடையில் கலப்பும் உண்டு, ஆனால் அடிப்படை அதுதான். அதனால் பட்டியலில் இந்திய நாய்கள் இருக்கின்றனவா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். என்னைக் கேட்டால் கட்டவே வேண்டாம். காவலுக்கு ராட்வீலர் ரத்தம் வேண்டும் என்பவர்களுக்கும் ஒன்று. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2022-இல் வந்த ஆய்வில், ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் இருக்கும் வித்தியாசத்தில் இனத்தின் பங்கு 9 சதவீதம் என்றுதான் வந்தது. எங்கள் 45 சதவீத ராட்வீலர் டெலிவரி பையனின் மடியில் ஏறி உட்காருகிறாள்.

போய்ப் பார்க்கிறவர்கள் முதலில் காதைப் பாருங்கள். தடுப்பூசி அட்டையில் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், அதில் பேட்ச் எண், டாக்டரின் பதிவு எண்ணோடு சீல், மூன்றும் இருக்க வேண்டும். எங்கள் அட்டையில் பேனாவில் எழுதிய தேதி மட்டும்தான் இருந்தது, கேட்டிருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும். பணம் அமைப்பின் கணக்குக்குப் போகாமல் ஆள் கணக்குக்குப் போனால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, சர்டிஃபிகேட்டில் இருக்கும் இனத்தை அப்படியே அசோசியேஷனில் எழுதிக் கொடுக்காதீர்கள். இனத்தைச் சொல்லியோ அளவைச் சொல்லியோ நாயை வெளியேற்ற அசோசியேஷனுக்கு அதிகாரம் இல்லை என்று விலங்கு நல வாரியமே சொல்லியிருக்கிறது. ஆனாலும் அந்த வாக்குவாதம் யாருக்கு வேண்டும்? டாக்டரின் கடிதத்தைக் கொடுத்து எங்கள் ரெஜிஸ்டரில் 'நாட்டு நாய்' என்று மாற்றிவிட்டோம்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, "அண்ணா, நாய் சேவைக்குக் கொடுத்ததைக் கேக்குறீங்களே" என்றார். ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பியதும் ஆபரேஷன் அட்வான்ஸ் 6,000 மட்டும் வந்தது, அதோடு பிளாக் செய்துவிட்டார். மீதிக்காக நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். இதே மாதிரி கத்தரிக்கோல் டெஸ்டும் ராட்வீலர் படம் போட்ட பிடிஎஃபும் யாரிடமாவது இருந்தால், யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டோடு எனக்குத் தனியாக அனுப்புங்கள். பேர் வெளியே வராது. இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் 'அன்பளிப்பு' என்று அவர் சொல்லும் சாக்கு நிற்காது என்கிறார் வக்கீல்.