ஐந்து நிமிட இடைவேளைக்கு எந்த பிரவுசர் கேம் ஒத்துவரும்?

டீ ஆறுவதற்குள் ஆடி முடித்து, வேலைக்குத் திரும்பிவிட வேண்டும். பிரவுசர் கேம்களை எடைபோட இந்த ஒரு அளவுகோலே போதும். கிராஃபிக்ஸ், லெவல், லீடர்போர்டு எல்லாம் அப்புறம். நேரம் ஆனதும் மனசு உறுத்தாமல் டேபை மூட முடிகிறதா? மூடினால் அதுவரை ஆடியது வீணாகிறதா? டவுன்லோடு, லாகின், கட்டணம் எதுவும் கேட்காத ஐந்து விளையாட்டுகளை இந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறோம்.

முதலிடம் 2048-க்கு. இத்தாலியைச் சேர்ந்த கேப்ரியேலே சிருல்லி 2014 மார்ச்சில், தன் 19 வயதில், ஒரு வார இறுதியில் எழுதி வெளியிட்டது இது. நாலுக்கு நாலு கட்டம், நான்கு ஆரோ கீ, அவ்வளவுதான். ஒரே எண் உள்ள இரண்டு டைல்கள் மோதினால் ஒன்றாகி இரட்டிப்பாகும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் புதிதாக ஒரு டைல் வரும். பத்தில் ஒன்பது முறை அது 2, ஒருமுறை 4. ஆக, ஒரு நகர்த்தலுக்குப் பலகையில் சராசரியாக 2.2 கூடுகிறது. இலக்கான 2048 டைல் உருவாகச் சராசரியாக 930 நகர்த்தலுக்குக் குறையாது என்று இதிலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம். நொடிக்கு ஒன்று என்று தட்டினாலும் கால் மணி நேரம் ஓடிவிடும். அந்த நேரத்தில் ஸ்கோர் 20,000 பக்கம் வந்திருக்கும்.

அப்படியென்றால் ஒரே இடைவேளையில் முடியாதே என்று தோன்றும். முடிய வேண்டியதில்லை என்பதுதான் இதன் அருமை. பலகை இருக்கும் நிலையை ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிரவுசரே சேமித்துக்கொள்கிறது. பாதியில் மூடிவிட்டுப் போய், மாலையில் திறந்தால் விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். இன்காக்னிட்டோ விண்டோவில் ஆடினால் மட்டும் விண்டோவை மூடியதும் போய்விடும். குக்கீ, சைட் டேட்டா இரண்டையும் அழித்தாலும் அதே கதிதான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆடியது வீட்டு மொபைலில் வராது.

பெரிய எண்ணை ஒரு மூலையில், உதாரணமாகக் கீழ் இடது மூலையில், நிறுத்த வேண்டும் என்று பலருக்கும் தெரியும். அப்படியும் 512-க்கு மேல் போகாமல் மாட்டிக்கொள்வது எங்கே? கீழ் வரிசையில் 256, 64, 32, 32 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு கட்டமும் நிரம்பியிருப்பதால் வலது ஆரோவை அழுத்தினாலும் வரிசை அசையாது என்று நினைத்து அழுத்துவார்கள். ஆனால் கடைசி இரண்டு 32-ம் சேர்ந்து 64 ஆகும். மொத்த வரிசையும் ஒரு கட்டம் வலது பக்கம் நகர்ந்துவிடும். மூலை காலி. புதிதாக வரும் 2 அங்கே உட்கார்ந்துவிட்டால் 256 நடுவில் சிக்கிக்கொள்ளும், மீட்பது பெரும்பாடு. அடுத்தடுத்து ஒரே எண் இல்லாமல் வரிசை நிரம்பியிருக்கும்போது மட்டும்தான் வலது ஆரோவை நம்பலாம். தவறி அழுத்திவிட்டால், அடுத்த கீ இடது ஆரோவாகவே இருக்கட்டும். மூலையில் 2 விழாமல் இருந்தால் தப்பித்துவிடலாம். மேல் ஆரோவைப் பற்றியும் இதையேதான் சொல்ல வேண்டும்: வேறு வழியே இல்லாதபோது மட்டும் அழுத்தி, உடனே கீழே இறக்கிவிட வேண்டும்.

இன்னொரு விதியையும் பலர் கவனிப்பதில்லை. சேர்ந்து உருவான டைல் அதே நகர்த்தலில் மறுபடி சேராது. 2, 2, 4 என்றிருக்கும்போது இடதுபக்கம் தள்ளினால் 8 வராது. 4, 4 என்றுதான் நிற்கும். மூன்று 2 இருந்தால், எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தச் சுவரை ஒட்டிய இரண்டுதான் சேரும். இந்த இரண்டும் கைக்குப் பழகிவிட்டால் 2048 யோசிக்க வைக்காது. விரல் பாட்டுக்கு ஓடும், தலை லேசாகும். இடைவேளையில் வேறென்ன வேண்டும்!

அடுத்தது மைன்ஸ்வீப்பர். கண்ணி இல்லாத கட்டங்களை எல்லாம் திறக்க வேண்டும்; திறந்த கட்டத்தில் தெரியும் எண், அதைச் சுற்றி எத்தனை கண்ணிகள் என்று சொல்லும். கூகுள் தேடலில் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் அடித்தாலே ஆட ஒரு பலகை வரும். எளிய நிலையில் 10க்கு 8 கட்டத்தில் 10 கண்ணிகள், நடுத்தரத்தில் 18க்கு 14-ல் 40, கடினத்தில் 24க்கு 20-ல் 99. எட்டுக் கட்டத்துக்கு ஒரு கண்ணி என்பது ஐந்துக்கு ஒன்று என்று நெருங்கிவிடுகிறது. ஐந்து நிமிடம் மட்டுமே கையில் இருப்பவர்களுக்கு நடுத்தரம்தான் சரியான அளவு. கடினத்தை எடுத்தால் டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

குருட்டாம்போக்கில் கிளிக் செய்தால் எரிச்சல்தான் மிஞ்சும். இரண்டு வடிவங்களை மட்டும் கண்ணில் பதிய வைத்துக்கொண்டால் ஆட்டமே மாறிவிடும். திறக்காத கட்டங்கள் நேர்வரிசையாக நிற்க, அவற்றை ஒட்டி 1-2-1 என்று எண்கள் வந்தால், இரண்டு 1-க்கும் நேரெதிரே கண்ணி. 2-க்கு எதிரே இருப்பதைத் தயங்காமல் திறக்கலாம். பலகையின் ஓரத்திலிருந்து 1-1 என்று தொடங்கினால், ஓரத்திலிருந்து மூன்றாவது கட்டம் பத்திரமானது. காரணம் எளிது: முதல் 1 தொடுவது இரண்டு கட்டங்களை மட்டும், கண்ணி அந்த இரண்டில் ஒன்றில்தான். இரண்டாவது 1-ம் அதே கண்ணியைத் தொடுவதால், அது கூடுதலாகத் தொடும் மூன்றாவதில் கண்ணி இருக்க வழியில்லை. எவ்வளவு கவனமாக ஆடினாலும் கடைசி இரண்டு கட்டங்களில் இதுவா அதுவா என்று ஊகித்தே ஆக வேண்டிய நிலை வரலாம். அது உங்கள் தவறில்லை.

ஒரு குறை உண்டு. டேபை மூடினால் இந்தப் பலகை போய்விடும். திறந்தே விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாலும் உத்தரவாதம் கிடையாது. குரோமில் மெமரி சேவர் ஓடிக்கொண்டிருந்தால் ரொம்ப நேரம் தொடாத டேபைத் தூங்கவைத்துவிடும். திரும்ப வரும்போது பக்கம் புதிதாக லோடாகும். செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், 'எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்கள்' பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

குரோமின் டைனோசர் ஓட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. 2014-ல் வந்தது, நெட் இல்லாதபோது ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஓட ஆரம்பிக்கும். 700 புள்ளியில் பகல் இரவாகும். ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் உயரமான தாவல், சட்டென்று விட்டால் குட்டைத் தாவல். அந்தரத்தில் இருக்கும்போது கீழ் ஆரோவை அழுத்தினால் வேகமாகத் தரையிறங்கும். அடுத்தடுத்து கள்ளி வரும் இடங்களில் உயிர் காப்பது இதுதான். தொடங்கி ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் உச்ச வேகத்துக்குப் போய்விடுவதால் ஒரு ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். நேரக் கணக்குக்கு நல்லதுதான். ஆனால் இதை ஓய்வு என்று சொல்ல மனம் வரவில்லை. கண் இமைக்காமல் திரையின் ஒரே இடத்தை வெறித்துப் பார்க்க வைக்கிறது. ஏற்கெனவே ஸ்ப்ரெட்ஷீட்டில் கண் எரிந்துகொண்டிருப்பவர்களுக்கு இது வேண்டாம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் இருப்பதை 20 நொடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்வதை எந்த விளையாட்டும் ஈடுசெய்யாது.

வேர்டில் ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்க ஆறு வாய்ப்பு; விடையில் உள்ள எழுத்துக்கு நிறம் வரும், இல்லாதது சாம்பலாகும். ஜோஷ் வார்டில் உருவாக்கியதை 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்ற பேச்சுக்கே இடமில்லாதது பெரிய நிம்மதி. நீங்கள் அடித்த சொல்லில் ஒரே எழுத்து இரண்டு முறை இருந்து, விடையில் ஒருமுறைதான் என்றால், ஒன்றுக்கு மட்டும் நிறம் வரும், மற்றது சாம்பலாகும். அந்தச் சாம்பலைப் பார்த்து, எழுத்தே விடையில் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

செஸ் தெரிந்தவர்களுக்கு லிசெஸ் தளத்தின் பசில் ஸ்டார்ம். விளம்பரமே இல்லாத, லாப நோக்கமற்ற தளம். தமிழிலேயே மெனு வைத்துக்கொள்ளலாம். மூன்று நிமிடக் கடிகாரம், எளிதில் தொடங்கிக் கடினமாகும் புதிர்கள். தொடர்ந்து 5 நகர்த்தல் சரியாக வந்தால் 3 நொடி கூடும், தப்பினால் 10 நொடி போகும். ஆகவே வேகத்தைவிடத் தப்பாமல் ஆடுவதே லாபம். கடிகாரமே நம்மை எழுப்பி அனுப்பிவிடுகிறது. ஆனால் மண்டை காய்ந்திருக்கும் நேரத்தில் இதைத் தொடாதீர்கள், அப்போதைக்கு 2048தான்.

பாம்பு, உருண்டை என்று பலர் சேர்ந்து நேரலையில் ஆடும் விளையாட்டுகளை ஐந்து நிமிட இடைவேளைக்குச் சிபாரிசு செய்ய மாட்டோம். நடுவில் நிறுத்திவைக்க வழி கிடையாது. போன் வந்து எடுத்தால் செத்தோம்.

நூற்றுக்கணக்கான விளையாட்டுகளைக் குவித்து வைத்திருக்கும் தளங்களுக்குப் போனால் சில விஷயங்களில் கவனம் தேவை. ஆரோ கீயை அழுத்தும்போது விளையாட்டுக்குப் பதில் பக்கமே மேலும் கீழும் ஓடினால், கேம் கட்டத்துக்குள் ஒருமுறை கிளிக் செய்துவிட்டு ஆடுங்கள். சத்தம் வந்து பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே டேபின் மேல் ரைட் கிளிக் செய்து மியூட் செய்துவிடுங்கள். நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று கேட்டால் 'பிளாக்' கொடுங்கள். தெரியாமல் அனுமதித்திருந்தால் செட்டிங்ஸில் பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன் என்று போய் அந்தத் தளத்தை நீக்கலாம். ஃபிளாஷ் பிளேயரை அப்டேட் செய்யச் சொல்லி எந்தத் தளமாவது கேட்டால் உடனே வெளியேறுங்கள். பழைய பிரவுசர் கேம்களை ஓட்டிய ஃபிளாஷுக்கு அடோபி 2020 டிசம்பரோடு மூடுவிழா நடத்திவிட்டது. இன்று அந்தப் பெயரில் வரும் அப்டேட் எதையும் இன்ஸ்டால் செய்யக் கூடாது.