இருபது நிமிடமா, ஆறு நிமிடமா: வாட்ச் டைமும் ரிட்டென்ஷனும்

பெங்களூரில் தமிழில் யூடியூப் சேனல் நடத்துபவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு சீக்கிரமே இந்த இடத்துக்கு வந்துவிடும்: வீடியோவை இருபது நிமிடத்துக்கு இழுப்பதா, ஆறு நிமிடத்தில் முடிப்பதா? நீளம் வேண்டும் என்பவர் வாட்ச் டைமைக் காட்டுவார், சுருக்கம் வேண்டும் என்பவர் ரிட்டென்ஷனைக் காட்டுவார். ஒன்று மொத்தமாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று சொல்கிறது. மற்றது எந்த விநாடி வரை எத்தனை பேர் கூடவே இருந்தார்கள் என்று சொல்கிறது. இங்கே சில சேனல்களுக்கு எடிட் செய்து கொடுப்பவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேனல் சின்னதாக இருக்கும் வரை ஆறு நிமிடம்தான் சரி.

நீளத்தின் பக்கமும் வலுவான நியாயம் இருக்கிறது. 2012-இல் யூடியூப் தன் பரிந்துரை முறையை மாற்றி, வியூஸ் எண்ணிக்கையைவிட வாட்ச் டைமுக்கு அதிக மதிப்புக் கொடுக்க ஆரம்பித்தது. அதற்கு முன் தம்ப்நெயிலை, அதாவது வீடியோவின் முகப்புப் படத்தைப் பார்த்து ஒருவர் தட்டிவிட்டால் போதும், பத்து விநாடியில் வெளியேறினாலும் அது ஒரு வியூ. இன்றும் விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமானால், 1000 சப்ஸ்கிரைபர்களோடு கடந்த 12 மாதங்களில் 4000 மணி நேர வாட்ச் டைம் வேண்டும். ஷார்ட்ஸ் எனும் குட்டி வீடியோக்கள் வழியாகப் போனால் 4000 மணிக்குப் பதில் 90 நாட்களில் 1 கோடி வியூஸ். வருமானம் வர ஆரம்பித்த பிறகும் நீளத்துக்கு ஒரு சலுகை உண்டு: வீடியோ 8 நிமிடத்தை எட்டினால்தான் நடுவில் விளம்பரம் வைக்கலாம். 2020 ஜூலை வரை அது 10 நிமிடமாக இருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது நிமிட வீடியோவைச் சராசரியாக 25 சதவீதம் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு வியூவுக்கு 5 நிமிடம் கிடைக்கிறது. ஆறு நிமிட வீடியோவை 60 சதவீதம் பார்த்தாலும் 3 நிமிடம் 36 விநாடிதான். 4000 மணி நேரம் என்பது 2,40,000 நிமிடம். முதலாவதில் 48,000 வியூஸில் எட்டிவிடலாம், இரண்டாவதில் சுமார் 66,700 வியூஸ் வேண்டும். இதோடு நிறுத்தினால் நீளம் ஜெயித்துவிட்டது.

ஆனால் இந்தக் கணக்கு இரண்டு வீடியோவுக்கும் ஒரே அளவு வியூஸ் வரும் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு விடியற்காலையில் கே.ஆர். மார்க்கெட் பூச்சந்தையில் ஒரு மணி நேரம் படம் பிடித்து வந்தால் அதிலிருந்து ஒரே இருபது நிமிட வீடியோவும் செய்யலாம், மூன்று ஆறு நிமிட வீடியோக்களும் செய்யலாம். ஓசூர்ப் பக்கமிருந்து பூ வந்து இறங்குவது ஒன்று, மொத்த விலையும் சில்லறை விலையும் ஒன்று, மாலை கட்டுபவர்கள் ஒன்று. மூன்று தலைப்பு, மூன்று தம்ப்நெயில், மூன்று விதமான தேடல்களில் அகப்படும் வாய்ப்பு. மூன்றையும் ஒருவர் அதே 60 சதவீதம் பார்த்தால் கிட்டத்தட்ட 11 நிமிடம் ஆகிறது. அந்த இருபது நிமிட வீடியோ தந்தது ஐந்துதான்.

அப்புறம், சராசரியில் தெரியாதது ரிட்டென்ஷன் கிராஃபில் தெரியும். நான் எடிட் செய்த ஒரு பூச்சந்தை வீடியோவின் கோடு இப்படிப் போனது: மேலிருந்து எடுத்த காட்சியும் “வணக்கம் நண்பர்களே, மறக்காம சப்ஸ்கிரைப் பண்ணுங்க”வும் ஓடிய முதல் அரை நிமிடத்தில் செங்குத்தாக இறங்கியது. மல்லிகை மூட்டைகள் வந்ததும் சமமானது. இரண்டாவது நிமிடத்தில் மொத்த வியாபாரி ஒருவர் கன்னடத்தில் விலை நிலவரத்தை விளக்க ஆரம்பித்தார், கோடு மறுபடி சரிந்தது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இருக்கும் நமக்குக் கன்னடம் காதுக்குப் பழகியது. ஆனால் அந்த வீடியோவைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் இருந்தவர்கள், பேசுவது புரியாத இடத்தில் கிளம்பிவிட்டார்கள். அடுத்து ஒரு பெண்மணி கனகாம்பரத்தைக் கட்டும் வேகத்தை நெருக்கமாகக் காட்டிய இடத்தில் கோடு மேலே ஏறியது. திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட இடங்களில் எண் 100 சதவீதத்தைக் கூடத் தாண்டும்.

சராசரியை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் “வீடியோ சுமார்” என்பதோடு விட்டிருப்போம். கிராஃப் இருந்ததால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது. அடுத்த வீடியோவில் கன்னடப் பேச்சுக்குத் தமிழ் வசனம் திரையிலேயே ஓடியது, பூக்கட்டும் கை முதல் விநாடியிலேயே வந்தது, வணக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான். ஏற்கெனவே போட்ட வீடியோவில் இழுவையான பகுதியை, சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோவின் எடிட்டரிலேயே வெட்டலாம், லிங்க்கும் வியூஸும் அப்படியே இருக்கும். பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நீளமே சரியாக இருக்கும் விஷயங்களும் உண்டு. பெங்களூரு கரக ஊர்வலத்தை ஆறு நிமிடத்துக்கு நறுக்கினால் விடிய விடிய நடக்கும் அந்த ஊர்வலத்தின் நடையே போய்விடும். அதைத் தேடி வருபவர்கள் டிவியில் போட்டுவிட்டு வீட்டு வேலையோடு பார்ப்பார்கள். ஸ்டுடியோவில் எந்தச் சாதனத்தில் பார்க்கிறார்கள் என்ற விவரம் இருக்கிறது. டிவியின் பங்கு கணிசமாக இருந்தால் தைரியமாக நீளமாகப் போடலாம். அங்கே சராசரியாக 30 சதவீதம் பார்க்கிறார்கள் என்பது மோசமான எண் அல்ல. ரிட்டென்ஷனை ஒப்பிடுவதானால் ஏறக்குறைய ஒரே நீளமுள்ள வீடியோக்களுக்குள்தான் ஒப்பிட வேண்டும்.

ஷார்ட்ஸை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. 2024 அக்டோபரிலிருந்து அது 3 நிமிடம் வரை போகலாம், ஆனால் ஷார்ட்ஸ் ஃபீடில் ஓடும் நேரம் அந்த 4000 மணியில் சேராது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டுப் போனார்கள் என்பதை.

ஆகவே ஆறு நிமிடத்தில் ஆரம்பியுங்கள். இரண்டாவது நிமிடத்திலிருந்து கடைசி வரை கோடு பெரிதாக இறங்காமல் போகிறது என்றால் அடுத்ததை எட்டு, ஒன்பது நிமிடத்துக்குக் கொண்டுபோகலாம், விளம்பரச் சலுகையும் அதோடு வந்துவிடும். கோடு கடைசியில் மட்டும் சட்டென்று விழுந்தால் நீளத்தில் கை வைக்க வேண்டாம். “சரி நண்பர்களே” என்றதும் முடியப்போகிறது என்று புரிந்துகொண்டு போகிறார்கள், அவ்வளவுதான். அந்த இடத்தில் விடைபெறாமல், மாலை கட்டும் வீடியோ பக்கத்திலேயே இருக்கிறது என்று சொல்லி, கடைசி 20 விநாடிக்குள் வைக்கக்கூடிய எண்ட் ஸ்கிரீனில், அதாவது அடுத்த வீடியோவைத் தட்டிப் போகவைக்கும் அட்டையில், அதையே காட்டுங்கள்.